அளவு எடுக்காமல் துணி வெட்டலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் விளக்கேற்றும் நேரம். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில், "அம்மா!" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பெண் நின்றுகொண்டிருந்தாள். முன்பு எங்கள் தெருவிலேயே குடியிருந்தவள்தான். வாடகை கட்டுப்படியாகாமல் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓர் ஊருக்குக் குடி போய்விட்டாள். இருந்தாலும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து துணிகளை வாங்கிக்கொண்டு போவாள்.

அன்றைக்கு அவள் கையில் தைத்த துணி எதுவும் இல்லை. முகத்திலே பெருமை பாதி, பயம் பாதி.

"பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்திலே என்னைத் தலைவியாப் போட்டுட்டாங்கம்மா!" என்றாள்.

"அடே, சந்தோஷமான சமாசாரம் ஆயிற்றே! அதற்கு ஏன் இப்படி முழிக்கிறாய்?"

பதில் சொல்லாமல் கைப்பேசியை நீட்டினாள். அதில் ஒரு தாளின் படம் இருந்தது. 'பழைய கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டபடியால் இரண்டு வகுப்பறைகள் கட்டித் தரும்படி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் அவளுடைய கையெழுத்து!

"படித்துப் பார்த்துத்தானே போட்டாய்?"

"எங்கேம்மா! பாதி ரவிக்கையை மெஷினிலேயே விட்டுட்டு ஓடினேன். 'இங்கே ஒரு கையெழுத்து'ன்னாங்க. போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து படிச்சப்புறந்தான் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இரண்டு ரூம் எங்க புள்ளைங்களுக்கு எப்படிம்மா போதும்?"

பாவம், தலைமை ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. பாடம் நடத்த வேண்டும்; சத்துணவைப் பார்க்க வேண்டும்; மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். 'இன்றைக்கே தீர்மானம் வேண்டும்' என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் கையெழுத்துப் போட்டது யார்? தலைவி. அவள் கேள்வி கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் குறை.

உங்களில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி தெரியும் என்று கேட்கிறேன். 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை எல்லாப் பள்ளிகளிலும் புதிதாக அமைத்தபோது ஒரு குழுவுக்கு 20 பேர் என்று வைத்தார்கள். தலைமை நாற்காலியை ஒரு தாய்க்கே கொடுத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது பழைய மாணவர்களுக்கும் இடம் வந்தது.

இந்தக் குழுவுக்கு என்ன வேலை? சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொடுப்பது மட்டும் அல்ல. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அது மூன்று வருஷத்துக்கான திட்டம். அடுத்த மூன்று வருஷத்தில் வகுப்புக்கு எத்தனை குழந்தைகள் இருப்பார்கள், ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும், எத்தனை அறை வேண்டும், அதற்குப் பணம் எவ்வளவு ஆகும் - இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். தலைவி கையெழுத்திட்டு, நிதியாண்டு முடியுமுன் அனுப்ப வேண்டும்.

இதை நான் சொன்னதும் அவள் மலைத்துப் போனாள். "இதெல்லாம் எனக்குத் தெரியாதேம்மா! நான் எட்டாவதோட நின்னுட்டவ."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "சரி, உன் பெண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்கிறாய். முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"அளவு எடுப்பேன்."

"எடுத்த அளவுக்கே வெட்டி விடுவாயா?"

சிரித்துவிட்டாள். "வளர்ற புள்ளையாச்சேம்மா! அப்படி வெட்டினா அடுத்த தீபாவளிக்கே பத்தாதே. உள்ளே துணி மடிச்சு விடுவேன். அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்."

"அவ்வளவுதான் பெண்ணே! பள்ளிக்கூடமும் வளர்கிற பிள்ளை. நீ கையெழுத்துப் போட்ட தாளில் அளவே எடுக்கவில்லை. உள்ளே துணியும் விடவில்லை."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

பள்ளியில் இப்போது 74 குழந்தைகள். ஆசிரியைகள் இரண்டு பேர். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு ஓர் அறையாவது வேண்டும். தலைமை ஆசிரியருக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்றும் இருக்கிறது. ஆக, இன்றைய கணக்குக்கே மூன்று அறை வேண்டும். இவர்கள் கேட்டதோ இரண்டு!

மறு நாள் அவள் அங்கன்வாடிக்குப் போனாள். தெருத் தெருவாகப் போய்த் தாய்மார்களையும் விசாரித்தாள். புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள், அங்கேயும் போனாள். வருகிற ஜூனில் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகிறவர்கள் 11 பேர். புதிதாகச் சேர்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் 20 பேர். அப்போதே 83 ஆயிற்று. அடுத்த வருஷம் 13 பேர் போய் 22 பேர் வந்தால் 92. அதற்கடுத்த வருஷம் 14 போய் 21 வந்தால் 99. இரண்டே வருஷத்தில் 90-ஐத் தாண்டி நான்காவது அறைக்கு வந்துவிடுகிறது!

இரண்டு அறை கட்டி, சுண்ணாம்பு அடித்து, திறப்பு விழா நடத்தி முடித்த பிறகு, 'ஐயோ, இன்னும் இரண்டு வேண்டுமே' என்று மறுபடி மனு எழுதினால் எத்தனை வருஷம் ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2004 ஜூலை 16-ஆம் தேதியை மறந்துவிட்டோமா? கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். இடித்தது நல்ல காரியம்தான். ஆனால் இடிக்க ஒரு நாள் போதும். கட்டுவதற்கு வருஷங்கள் ஆகின்றன. நம் தையற்காரப் பெண்ணின் பள்ளியில் மிஞ்சியது ஓர் அறையும் வராந்தாவும்தான். மழை வந்தால் மூன்று வகுப்பும் ஒரே அறையில் ஒண்டிக்கொள்கின்றன.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். தூரத்துக் கதை அல்ல. அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகும் ரயிலில் ஏறினால் திருவள்ளூருக்கு அப்பால் கடம்பத்தூர் வரும். காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-இல், பள்ளிச் சீரமைப்பு இயக்கத்துக்கு அந்த வட்டாரத்தில்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள். பிறகு அது ராஜ்யம் முழுவதும் பரவியது. ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று அவரவரால் ஆனதைக் கொடுத்தார்கள்.

எல்லோரும் நன்கொடையைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின வேலை. யாரிடமும் கையேந்துமுன், ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை, அதற்கு என்ன விலை ஆகும் என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பட்டியல் முதலில், பணம் அப்புறம். மாதச் சம்பளம் வந்ததும் நாம் மளிகைக்கு ஜாபிதா எழுதவில்லையா? அதே கதைதான்.

இன்றைக்கும் பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2022-இல் தமிழக அரசு பேராசிரியர் அன்பழகன் பெயரில், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய் செலவில் பள்ளிகளை மேம்படுத்தும் திட்டத்தை அறிவித்தது. அந்த வருஷம் டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று பொதுமக்களும் பழைய மாணவர்களும் உதவ ஒரு திட்டம் வந்தது. ஆனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டித் தருவது அரசாங்கத்துக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் சட்டம் விதித்த கடமை. நன்கொடை, மேலே சேர்க்கும் ஜரிகை மாதிரி. ஜரிகை இருக்கிறது என்று துணியை விட்டுவிட முடியுமா?

அதேபோல ஆண்டு மானியத்தையும் கட்டடப் பணத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சமக்ர சிக்ஷா விதிப்படி 31 முதல் 100 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000 ரூபாய்; அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். குழாய் ரிப்பேர், சாக்குக்கட்டி, பல்பு - இதற்கெல்லாம் அது போதும். அந்தப் பணத்தில் சுவர் எழும்பாது. ஆனால் அந்த 25,000 எப்படிச் செலவாயிற்று என்று கேட்கத் தெரிந்த தாய்தான் நாளைக்குக் கட்டடக் கணக்கையும் கேட்பாள்.

அடுத்த கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. நம் தலைவி நோட்டோடு போனாள். 'போன தீர்மானத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு' என்றுதான் முதலில் சொன்னாளாம். பெரிய பெரிய மனிதர்களுக்கே வராத வார்த்தை இது! பிறகு கணக்கைப் படித்திருக்கிறாள். அப்புறம் மற்றத் தாய்மார்களுக்கும் வாய் திறந்துவிட்டது.

2023 டிசம்பர் புயல் மழையில் பள்ளி வளாகத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஒருத்தி எழுந்து போய்ச் சுவரில் கறையைத் தொட்டுக் காட்டினாளாம். புதுத் தளம் அதற்கு மேலே இருக்க வேண்டும் என்றாள். கால் சரியில்லாத பையனின் தாய், படிக்கு அருகே சாய்தளம் கேட்டாள். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். கட்டடத்தை மைதானத்தின் நடுவில் வைத்தால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்றாள் இன்னொருத்தி.

கடைசியில் நம் தலைவியே ஒரு விஷயம் சொன்னாள். நாலாவது படிக்கும் அவள் பெண், காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் நிரம்பினபடியே கொண்டு வருகிறாளாம். "ஏண்டி குடிக்கலே?" என்று கேட்டால், "குடிச்சா கக்கூஸ் போகணுமே, அங்கே கதவு சாத்தாதும்மா" என்கிறாளாம். இதைக் கேட்டதும் நாலைந்து தாய்மார், "எங்க வீட்டிலேயும் அதே கதைதான்!" என்றார்களாம். பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை, ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில், தாழ்ப்பாளும் தண்ணீரும் வெளிச்சமுமாக வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். எந்த இன்ஜினீயருக்குச் சகோதரிகளே, அந்த நிரம்பின பாட்டில் தெரியும்?

தலைமை ஆசிரியை கோபித்துக்கொண்டாரா? இல்லவே இல்லை. "இதை நான் எழுதினால் ஆசிரியர் கேட்கிறார் என்பார்கள். நீங்கள் எழுதினால் ஊரே கேட்கிறது என்று அர்த்தம்" என்றாராம். நான்கு வகுப்பறை, தலைமை ஆசிரியர் அறை, கழிப்பறை, சாய்தளம், தள உயரம், கட்டி முடியும் வரை குழந்தைகள் உட்கார இடம் என்று புதிய தீர்மானம் எழுதி, உரக்கப் படித்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

கட்டடம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். வரவில்லை. இன்னும் வராந்தாவில்தான் பாடம் நடக்கிறது. தீர்மானம் போட்டதும் செங்கல் வந்து இறங்க இது கதையா என்ன? ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. மானியப் பணத்திலேயே முடிந்த வேலைதானே அது! மற்றதற்கு, மாதா மாதம் 'எங்கள் தாள் எந்த மேஜையில் இருக்கிறது?' என்று கேட்க ஒரு தலைவி இருக்கிறாள்.

'எங்கள் வீட்டுக் குழந்தைகள் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு வேனில் போகிறார்கள்; நமக்கென்ன?' என்று சொல்லாதீர்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், பூக்காரி, ரவிக்கை தைக்கிறவள் - இவர்களில் யாராவது ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த தடவை வரும்போது ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "உங்கள் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். எழுதவும் கூட்டவும் கூட இருந்து உதவுங்கள். ஆனால் அவளுக்குப் பதிலாக நாம் பேசப் போக வேண்டாம். பேச அவளுக்குத் தெரியும்.

உங்கள் குழந்தையே அந்தப் பள்ளியில் படித்தால், அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். முன்னால் நீட்டும் தாளை ஒரு முறை படித்துப் பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு வருத்தம் மட்டும் எனக்குப் பாக்கி. தலைவி ஊர்க் காரியமாக அலைவதில், அடுத்த வாரக் கல்யாணத்துக்கு நான் கொடுத்த ரவிக்கைத் துணி அப்படியே கிடக்கிறது. கேட்டதற்கு, "அளவு எடுத்தாச்சும்மா, தைச்சுடறேன்" என்கிறாள். அளவு எடுத்தாயிற்று என்றால் சரி, பழைய ரவிக்கையோடு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன்!