விலை போகும் திண்ணை

மண்ணின் பெயரையே தன் பெயராகத் தாங்கிய ஊர் மண்ணூர். அம் மண்ணைச் சூழ்ந்து இன்று ஆலைகள் நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு மகிழுந்து ஆலை ஆக்கத்தைத் தொடங்கியது முதல், திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கொரியரும் சப்பானியரும் பிறரும் வந்து தங்குகின்றனர். அவர்கள் படிப்பதற்கென்றே விடுதி முகப்புகளில் கொரிய எழுத்து ஏறிவிட்டது. விருந்தினரைப் பேணுதல் தமிழர் பண்பு, அதில் குறையில்லை. ஆனால் அவ்விருந்தினர் தமிழகத்தைக் காணப் புறப்படுங்கால், 'மரபு விடுதி' என்னும் பெயரில் அவர்க்குக் காட்டப்பெறுவது எது? ஈண்டுதான் வினா எழுகின்றது.

செட்டிநாட்டை எடுத்துக்கொள்வோம். பருமாவிலும் மலையாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் நகரத்தார் எழுப்பியவை அங்குள்ள வளமனைகள். பருமாத் தேக்கும், ஆத்தங்குடித் தளக்கல்லும், முட்டை வெண்கரு கலந்த சுண்ணச் சாந்தும் அவற்றின் உறுப்புகள். 1942-இல் சப்பானியப் படை பருமாவைக் கைப்பற்றியது; 1962-க்குப் பின் அந்நாட்டு ஆட்சி வணிகங்களை நாட்டுடைமையாக்கியது. வருவாய் அற்றது, வீடுகள் பாழ்பட்டன. தூண்களும் கதவுகளும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடித் தெருக்களில் பழம்பொருளாய் விலை போயின. எஞ்சியவற்றுட் சில பகட்டு விடுதிகளாயின: கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாசு', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாசு'. 2014-இல் யுனெசுகோவின் உலக மரபுச் செல்வங்களுக்கான முன்பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. இடிபாட்டினின்று சுவர் காக்கப்பெற்றது உண்மை. கொத்தரும் தச்சரும் வேலை பெற்றதும் உண்மை. அவற்றை மறுத்தல் நேர்மையன்று.

ஆயினும், சுவர் நின்றது, சொல் வீழ்ந்தது!

காரைக்குடி விடுதிக்குப் பெயர் 'பங்களா'. வங்காளப் பாங்கு வீட்டைக் குறிக்க எழுந்த சொல் அது. தஞ்சை விடுதிக்குப் பெயர் 'சுவத்மா'; முழுமையும் வடமொழி. முகப்பு, வளவு, பட்டாலை, கட்டு என அவ்வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் உண்டு. திருமணமான மகன் ஒவ்வொருவனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை ஒதுக்கிய கூட்டு வாழ்க்கையின் பெயர்கள் அவை. அவை இருக்க, 'லாபி' என்றும் 'சூட்டு' என்றும் அழைப்பது எவர் மரபு?

அனைத்தினும் கொடியது திண்ணையின் நிலை. வழிநடந்து களைத்தவன் கேளாமலே படுத்துறங்குதற்கென்று தமிழன் வீட்டின் முன்னே கட்டி வைத்த இடமன்றோ அது! அதற்குக் கதவில்லை, கட்டணமில்லை. இன்று அத்திண்ணை மதிலுக்குள் போயிற்று. வாயிலில் காவலன் நிற்கின்றான். அங்கு ஓரிரவு தங்கும் விலை, ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளியின் பல நாட் கூலி. பண்பாட்டின் வடிவத்தை வைத்துக்கொண்டு பண்பாட்டை வெளியே தள்ளுவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வெளிநாட்டார்க்குத் தமிழ் விளங்காதே என்பர் சிலர். சப்பானியரின் மரபு விடுதிக்கு 'இரியோகான்' என்றே பெயர். எந்நாட்டான் சென்றாலும் அப்பெயரையே சொல்கின்றான். வாயிலில் காலணியைக் கழற்றுகின்றான். 'தத்தாமி' பாயின்மேல் படுக்கை விரித்து உறங்குகின்றான். கொரியரும் தம் மரபு வீட்டை 'அனோக்கு' என்றே உலகுக்குச் சொல்கின்றனர். அதனால் அவர்தம் வணிகம் கெட்டதா? தன் பெயரைத் தானே சொல்ல நாணுபவனைப் பிறர் எப்பெயரால் அழைப்பர்?

பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்னும் அளவில் அமையவேண்டும் என்று தமிழ்நாட்டு அரசின் விதியே கூறுகின்றது. பலகையோடு நில்லாது, உணவுப் பட்டியலிலும் அறைப் பெயர்களிலும் தமிழ் ஏறவேண்டும். தளக்கல் வார்த்தவன் ஊரும், தூண் செதுக்கியவன் கைத்திறனும் விருந்தினர்க்குச் சொல்லப்பெற வேண்டும். அவ்வூர்ப் பிள்ளைகள் கட்டணமின்றி உள்ளே சென்று காண ஒரு நாளேனும் வேண்டும்.

ஒரகடத்தையடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கால மாந்தரின் கருவிகள் வெளிப்பட்டன. ஆலைக்கு அடியிலும் வரலாறு கிடக்கின்றது! நாளை மண்ணூரிலும் ஒரு 'மரபு விடுதி' எழலாம். எழட்டும். ஆனால் அதன் வாயிலில் தமிழ் இருக்கட்டும்; திண்ணை மதிலுக்கு வெளியே இருக்கட்டும். அவ்விரண்டும் இல்லையேல், அது விடுதியாக இருக்கலாம், மரபு ஆகாது. தமிழர் எண்ணிப் பார்ப்பாராக!