தோளில் ஏறிய படகு

"ஆற்றை வென்றார்கள்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு யாரோடு சண்டைக்கு வந்தது?

திபெத்தில் ஸாங்போ என்று ஓர் ஆறு. அஸ்ஸாமுக்கு வந்ததும் அதற்கே பிரம்மபுத்திரா என்று பெயர். இமயத்தைப் பிளந்துகொண்டு அது இறங்கும் மலையிடுக்கில், 1998-ல் அமெரிக்க நண்பர்கள் நால்வர் 'கயாக்' என்ற ஒற்றையாள் படகுகளில் போனார்கள். அவ்வருஷம் மழை அதிகம். எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெள்ளம். டக் கார்டன் என்பவர் ஒரு சிறு இறக்கத்தில் நடு வெள்ளத்துக்குள் இழுக்கப்பட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் கைதேர்ந்த துடுப்பாளர்தான். வெள்ளம் தேர்ச்சியை விசாரிப்பதில்லை.

2002-ல் ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் ஏழு பேர் போனார்கள். நீர் குறையும் குளிர்காலமாகப் பார்த்துப் போனார்கள். கரையேறி நின்று, வழி எது, சுழல் எது, தவறினால் ஒதுங்க இடம் எது என்று பார்த்த பிறகே துடுப்புப் போட்டார்கள். வழியில்லாத இடத்தில் படகைத் தோளில் சுமந்தார்கள். பெரிய அருவிகள் உள்ள பகுதியில் இறங்கவேயில்லை. பனி மூடிய கணவாய் ஏறிச் சுற்றிப் போனார்கள்.

"அப்படியானால் முழுதும் கடக்கவில்லையே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள், சாய்வு நாற்காலி வீரர்கள். அந்தக் கணவாய்தான் ஐயா, அவர்களுடைய தைரியத்துக்கு அத்தாட்சி! குதிப்பதற்கு ஒரு கணத்து வெறி போதும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "இது நம்மால் ஆகாது" என்று சொல்வதற்கல்லவா நெஞ்சுரம் வேண்டும்! அதைக் கேட்டுச் சிரிக்காமல், படகின் மறுமுனையைத் தூக்குகிறவனே சிநேகிதன்.

பத்திரிகைக்காரர்களே, "வென்றார்கள்" என்பதை அடித்துவிட்டு, "பார்த்து நடந்தார்கள்" என்று போடுங்கள்.