ஏறுகிறவருக்கு வழி விடுங்கள்

ஊட்டிக்கு எதற்காகப் போகிறீர்கள்? குளிர், பச்சை, அமைதி. இந்த மூன்றுக்கும்தானே? சரி, மலையடிவாரம் வந்ததும் என்ன செய்கிறீர்கள்? குளிர் காற்று வர ஆரம்பித்த உடனே கார் கண்ணாடியை ஏற்றுகிறீர்கள். பச்சையைப் பார்க்க வேண்டிய குழந்தை பின் ஸீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. பர்லியாறு பக்கம் வண்டிகள் நின்றுவிட்டால், முன்னால் நிற்கிற காரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறீர்கள். அந்தக் காரில் இருப்பவரும் அமைதியைத் தேடி வந்தவர்தான். அவரும் பதிலுக்கு அடிக்கிறார்.

இந்தக் கூத்து தாங்காமல்தான் கோர்ட் தலையிட்டது. 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே போட்டுவிட்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உடனே நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள். பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவில் ஒரு விஷயத்தை யாருமே பெரிதாகப் பேசவில்லை. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்தக் கணக்கு கிடையாது. அதாவது கோர்ட் மனிதர்களைத் தடுக்கவில்லை. மனிதர்கள் கூடவே இழுத்துக்கொண்டு வருகிற ஒன்றேகால் டன் தகரத்தைத்தான் எண்ணச் சொன்னது.

தகரம் இல்லாமல் மலை ஏற ஒரு வண்டி இருக்கிறது. சைக்கிள்.

சிரிக்காதீர்கள். மலையில் சைக்கிளா, நெஞ்சு வெடித்துவிடாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். சராசரியாக, 100 மீட்டர் போனால் நாலரை மீட்டர் உயர்கிறீர்கள். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால்கள் 100 வாட் சக்தி கொடுத்தால் போதும், நாலேகால் மணி நேரத்தில் கோத்தகிரி. 100 வாட் என்பது அந்தக் காலத்துக் குண்டு பல்பு. பழக்கப்படுத்திக்கொண்ட சாதாரண ஆரோக்கியமான உடம்பு அதைத் தாங்கும். வீராதி வீரனாக இருக்க வேண்டியதில்லை.

மிச்ச வேலையை கியர் பார்த்துக்கொள்ளும். நம்ம ஊர் கியர் இல்லாத சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 5 மீட்டர் ஓடும். சமவெளிக்கு அது சரி, மலைக்கு அது தண்டனை. முன் பல்சக்கரத்தில் 30 பல்லும் பின்னால் 34 பல்லும் உள்ள கியரில் அதே ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்கூட நகராது. மெதுவாகப் போவீர்கள். ஆனால் நிற்காமல் போவீர்கள். அதற்கும் முடியாதவர்களுக்கு, கூடவே தள்ளிக்கொடுக்கும் பேட்டரி சைக்கிள்கள் வந்துவிட்டன.

'மெதுவாக' என்றதும் முகம் சுளிக்கிறீர்கள் இல்லையா? நில்லுங்கள். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது தெரியுமா? கிட்டத்தட்ட 5 மணி நேரம். மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அந்தஸ்து கொடுத்தது. டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள். மெதுவாகப் போகிற ரயிலுக்கு முண்டியடிக்கிறோம், மெதுவாகப் போகிற சைக்கிள்காரரைப் பார்த்து 'ஓரமா போய்யா' என்கிறோம். இது என்ன நியாயம்?

குஞ்சப்பனை தாண்டி ஒரு திருப்பத்தில் நான் மூச்சு வாங்க நின்றிருந்தபோது ஒரு கார் பக்கத்தில் மெதுவானது. ஜன்னல் இறங்கியது. பரவாயில்லை, ஏதோ உதவி கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். 'அண்ணா, பெட்ரோலுக்குக் காசு இல்லையா?' என்று ஒரு பையன் கேட்டான். காருக்குள் ஒரே சிரிப்பு. அப்பா, அம்மாவும் சேர்ந்துதான்.

அந்தப் பையனைக் குற்றம் சொல்லமாட்டேன். நாம் சொல்லிக்கொடுத்ததுதானே? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே வருஷா வருஷம் இலவச சைக்கிள் கொடுத்தது. இவ்வளவும் செய்துவிட்டு, வீட்டில் என்ன பேசுகிறோம்? 'நல்லாப் படிச்சா பைக், இல்லைன்னா கடைசிவரைக்கும் சைக்கிள்தான்.' படிப்பில் தோற்றவனுக்குக் கொடுக்கும் தண்டனையாக ஒரு வண்டியை மாற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. மூணு லட்ச ரூபாய் சைக்கிள், உடம்போடு ஒட்டிய டிரஸ், பின்னாலேயே தண்ணீரும் வாழைப்பழமும் சுமந்துகொண்டு ஒரு கார். போட்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு? காரைத் தவிர்க்கத்தானே சைக்கிள்? வாழைப்பழம் அரவேணுவிலும் கிடைக்கும் ஐயா. காரில் போகிறவர் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டால் அடுத்து ஊட்டியில்தான் இறங்குவார். சைக்கிள்காரருக்கு அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு டீ வேண்டும், வடை வேண்டும், திண்ணையில் உட்காரப் பத்து நிமிஷம் வேண்டும். கடையடைத்த வியாபாரிகள் இதை யோசிக்க வேண்டும். ஊட்டியில் பத்து ஹோட்டலில் மட்டும் விழுகிற காசு, வழியில் இருக்கிற பெட்டிக்கடைக்கும் வரும்.

யானை? இருக்கிறது. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீஸனில் நிச்சயம் இருக்கும். அதனால்தான் விடிவதற்கு முன்னாலும் பொழுது சாய்ந்த பிறகும் காட்டுப்பாதையில் ஓட்டக் கூடாது. வனத்துறை 'இப்ப போகாதீங்க' என்றால் போகக் கூடாது. இதில் வாதமே கிடையாது. ஆனால் யானையிடம் போய் ஹாரன் அடித்து, செல்போனை நீட்டிப் படம் எடுக்கிற துணிச்சல் கார் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் வருகிறது. சைக்கிள்காரர் தூரத்திலேயே நின்றுவிடுவார்.

என்னைக் கேட்டால், மலைப்பாதையில் யானையைவிடப் பயப்பட வேண்டியது, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற சமவெளி டிரைவருக்குத்தான். என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். எதிரே ஏறி வருகிற சைக்கிளுக்கு ஒதுங்க ஒரு அடி மண்கூட இருக்காது. குறுகலான மலைச் சாலையில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மரியாதை மட்டுமல்ல, சட்டம். மலைக்காரர்களுக்கு இது தெரியும். லாரி டிரைவர்கள்கூட நிறுத்தி வழிவிடுகிறார்கள். நம்ம ஊர் வண்டிகள்தான் லைட்டை எரியவிட்டு மிரட்டுகின்றன.

'எல்லோரும் சைக்கிளில் வரணுமா? எங்க அம்மாவுக்கு முட்டி வலி சார்' என்பீர்கள். அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போங்கள், ரயிலில் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் காரிலேயே கூட்டிப் போங்கள். நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கோடை சீஸனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழிப்பாதை போடுகிறது இல்லையா? ஆக, மலைப்பாதையைப் பிரித்துக்கொடுக்க அவர்களுக்குத் தெரியும். சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 2014-லேயே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காரை நிறுத்திவிட்டு ஜனங்களை விட்டுப் பார்த்தோம், ஊர் ஒன்றும் முழுகிவிடவில்லை. சீஸன் இல்லாத மாதங்களில், மாதம் ஒரே ஒரு ஞாயிறு, காலை 7 மணியிலிருந்து 11 வரை, கோத்தகிரி - கோடநாடு சாலையை மட்டும் தாருங்கள். பஸ் போகட்டும், ஆம்புலன்ஸ் போகட்டும், உள்ளூர்க்காரர்கள் வண்டி போகட்டும், தேயிலை லாரி போகட்டும். வெளியூர்க் கார் மட்டும் நாலு மணி நேரம் நிற்கட்டும். இதற்குப் புது ரோடு வேண்டாம், டெண்டர் வேண்டாம். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு போதும்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி கிளம்புகிற நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் விட்டுவிடும். சைக்கிளை அதே ரயிலில் லக்கேஜாக புக் செய்யலாம், கொஞ்சம் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போங்கள். மே மாதம் வேண்டாம், ஜனவரி நல்லது. இறங்கியதும் பிரேக் கட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் எல்லாக் காரும் இடது பக்கம் குன்னூருக்குத் திரும்பும். நீங்கள் வலது பக்கம்.