பாட்டே இல்லாத படம்

“மாமி, மத்தியானம் குழந்தை தூங்குகிற நேரத்தில் பார்க்க நல்ல பழைய படம் ஏதாவது சொல்லுங்களேன்” என்று கேட்டாள், எங்கள் உத்திர வீதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண். கைக்குழந்தைக்காரி. வெளியேயும் போக முடியாது, பகலில் தூக்கமும் வராது. “ ‘அந்த நாள்’ பாரேன். சிவாஜி, பண்டரிபாய் படம்” என்றேன்.

“பாட்டெல்லாம் நன்றாக இருக்குமா?”

“பாட்டே கிடையாது.”

“ஒன்று கூடவா?”

ஒன்று கூட இல்லை. டான்ஸ் இல்லை, கத்திச் சண்டையும் இல்லை. 1954ஆம் வருஷம் சித்திரைப் பிறப்பை ஒட்டி இப்படி ஒரு தமிழ்ப் படத்தை வெளியிட ஏவி.எம். நிறுவனத்துக்கு எத்தனை துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்! நம் திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதர் பாடிப் பாடியே ‘ஹரிதாஸ்’ படத்தைச் சென்னையில் மூன்று தீபாவளி காண வைத்துப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. இதில் வேடிக்கை, பாட்டை வேண்டாமென்று ஒதுக்கிய டைரக்டர் சாதாரண ஆளில்லை. வீணை எஸ். பாலசந்தரேதான். சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் சங்கீதம் எங்கே வேண்டாம் என்பதும் தெரியும் போலிருக்கிறது.

படத்துக்குப் பெரிய வசூல் இல்லை. அந்த வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. பெயர் வந்ததே தவிர, வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டால், என் மாமியாரே பார்த்ததில்லை.

அதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. பழைய படங்களெல்லாம் நம் வீட்டுக்குள் எப்படி வந்தன? பாட்டு வழியாகத்தான். இலங்கை வானொலி, விவித பாரதி, பிறகு வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. படத்தையே பார்க்காமல் அதன் ஆறு பாட்டையும் மனப்பாடமாகச் சொல்லும் அத்தைமார்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். பாட்டில்லாத படம் எந்தக் கதவைத் தட்டி உள்ளே வரும்? என் சின்ன வயதில் கல்யாணம், காதுகுத்து என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். எம்.ஜி.ஆர். படம் ஒன்று, சாமி படம் ஒன்று, புதுப்படம் ஒன்று. அந்தக் கூட்டத்தில் போய் ‘அந்த நாள்’ கேசட்டைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். வட்டத் தகடுகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான், கூட்டம் கேட்கும் படம் என்று இல்லாமல் நாம் கேட்கும் படம் என்று ஒன்று வந்தது. இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறது. ஐம்பது வருஷம் தாமதமாக வந்தாலும், இந்தப் படம் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஏனென்றால் இது ஒரு வீட்டைப் பற்றிய கதை.

திரை விலகியதும் துப்பாக்கிச் சத்தம். ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு விழுகிறான். 25 வயது சிவாஜி! ‘பராசக்தி’ வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பிள்ளை, கதாநாயகனாக நிலைபெறும் சமயத்தில் இப்படி ஒரு வேஷத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். (முதலில் நடித்தவர் கல்கத்தா விஸ்வநாதனாம். கொஞ்சம் எடுத்த பிறகு மாற்றியிருக்கிறார்கள்.) துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் கதை வசனமும். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, மனைவி. ஒவ்வொருவர் சொல்லும் ராஜனும் ஒவ்வொரு மாதிரி. ஜப்பானில் அகிரா குரோசவா 1950இல் எடுத்த ‘ராஷோமான்’ படம் தந்த தூண்டுதல் இது. அங்கே காடு. இங்கே கூடம், மாடிப்படி, படுக்கையறை. சொத்தில் பங்கு கேட்கும் தம்பியையும், “உங்களுக்கு வாயில்லையா?” என்று அவனைக் குடையும் ஓரகத்தியையும் பார்த்துவிட்டு, நம் சொந்தக்காரர் யாரையாவது நினைத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கதை நடக்கும் நாள் 1943 அக்டோபர் 11. ஜப்பான் விமானம் நிஜமாகவே சென்னைக்கு வந்து குண்டு போட்ட நாள். எங்கள் வீட்டில் மாமியாரின் அம்மா இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம். அதனால் படம் பார்க்கும்போது வசனத்தை நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் ‘ஜப்பான்’ என்ற சொல் மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. முந்தின வருஷம், 1942 ஏப்ரலில், கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு விழுந்ததும் சென்னை ஜனங்கள் சாரி சாரியாக ஊரைக் காலி செய்தார்களே, அதில் பாட்டியின் பெரியப்பா குடும்பமும் ஒன்று. ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரே வீட்டில் இருபது பேர். “மண்ணெண்ணெய் கிடைக்காது. ராத்திரி ஏழு மணிக்கே சாப்பிட்டு முடிக்கணும். பெரியம்மா மட்டும் சாப்பிட மாட்டா. பெரியப்பா ஆபீஸ் அங்கேதானே இருந்தது” என்றார். பாட்டி இத்தனை கோவையாகப் பேசி நாங்கள் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

இனிமேல் சொல்வதைப் படம் பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். யார் சுட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

ராஜனும் உஷாவும் கல்லூரியில் காதலித்து மணந்தவர்கள். அவள் தேசபக்தை. அவனோ தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்று மனம் கசந்து, எதிரிக்கு ரகசியங்களை விற்கிற ஆளாகிறான். இது உஷாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது அவள் என்ன செய்ய வேண்டும்? நம் சினிமாவில் கணவன் கெட்டவன் என்றால் மனைவி அழுவாள், விரதம் இருப்பாள், கடைசி ரீலில் அவன் திருந்துவான். உஷா அப்படியில்லை. கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள், எதிரே நிற்கிறாள். பின்னாளில் ‘மன்னன்’ (1992) படத்தில் ரஜினிக்கு அம்மாவாக நாம் பார்த்த பண்டரிபாயா இது என்று ஆச்சரியமாக இருக்கும்.

வெள்ளைக்காரர்களின் ‘காசாபிளாங்கா’ (1942) படத்தை என் பெண் ஒரு தடவை போட்டுக் காட்டினாள். அதுவும் யுத்தக் காதல்தான். கதாநாயகன் தன் காதலியை அவள் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டுக் கம்பீரமாக நிற்கிறான். அழகான படம். ஆனால் அங்கே அந்தப் பெண்ணுக்காக அவன் முடிவு செய்கிறான். “நீ எனக்கும் சேர்த்து யோசி” என்று அவளே சொல்லிவிடுகிறாள். உஷாவுக்காக யோசிக்க யாருமில்லை. எனக்கு நம்ம உஷாதான் ஒரு படி உசத்தி.

என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. “என்ன இருந்தாலும் தாலி கட்டினவன். அவனை எதிர்த்து நிற்கலாமோ?” என்றார். அதற்குப் பாட்டி, “குண்டு விழறச்சே, கீழே இருக்கறது யார் ஆம்படையான்னு பார்த்துண்டா விழும்?” என்றார். அம்மாவும் பெண்ணும் அன்று சாயங்காலம் வரை பேசிக்கொள்ளவில்லை.

ராணுவ ரகசியம் நம்மில் யார் வீட்டில் இருக்கப் போகிறது? ஆனால் சம்பளத்துக்கு மேலே வருகிற கவர் இருக்கிறது. கடையில் கலப்படம் செய்து வந்த லாபம் இருக்கிறது. தம்பி பங்கை அமுக்கிக்கொண்டு வாங்கிய மனை இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் நடப்பதில்லை, சகோதரிகளே. பீரோ சாவி நம் இடுப்பில் அல்லவா இருக்கிறது! “ஏது இது?” என்று ஒரு வார்த்தை கேட்க நாம் எத்தனை தடவை வாய் திறந்து மூடியிருக்கிறோம்? கேட்டால் சண்டை வரும், வீட்டு நிம்மதி கெடும், குழந்தைகள் படிப்பு என்ன ஆவது என்று நினைக்கிறோம். அந்தப் பயம் பொய்யில்லை. உஷா முகத்திலும் அதே பயம் இருக்கிறது. பயமில்லாத வீராங்கனையாக அவளைக் காட்டாததுதான் எனக்குப் பிடித்தது. அவனிடம் அவளுக்கு ஆசையும் குறையவில்லை. அதுதான் கஷ்டமே.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே மத்தியானத்தில் முடியாவிட்டால், ஒருவர் வாக்குமூலம் முடிந்து அடுத்தவர் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தொடக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. டி.வி.யில் போட்டால் படம் திரை முழுக்க இழுத்துக்கொண்டு, சிவாஜி முகம் ஆப்பம் மாதிரி அகலமாகத் தெரியும். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. மாருதி ராவ் பிடித்திருக்கும் நிழலும் வெளிச்சமும் பகல் வெயிலில் தெரியாது, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செல்போனில் குனிந்து பார்க்க வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும். கொலைக் கதை என்றாலும் ரத்தக் களரி கிடையாது. பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட உட்கார்த்தி வைத்துக்கொள்ளலாம்.

கடைசி அரை மணி நேரம் அடுப்பில் குக்கரை மட்டும் வைத்துவிடாதீர்கள்.