மேளக்காரர் பெயர் என்ன?

மெட்டாலிகா டிஷர்ட் போட்ட தஞ்சாவூர்ப் பையனிடம் அந்த பேண்டின் டிரம்மர் யார் என்று கேட்டால், லார்ஸ் உல்ரிக் என்று பட்டென்று சொல்வான். அவன் அக்கா கல்யாணத்தில் தவில் வாசித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். "மேளக்காரர்" என்பான். அவன் மட்டுமா? கெட்டி மேளம் முடிந்ததும் எல்லோரும் பந்திக்கு ஓடிவிடுகிறார்களே!

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933-இல் தவில்காரர் வீட்டில் பிறந்தவர். அப்பா விசுவலிங்கம். ஈழத்தில் பேர் வாங்கியது போதாதென்று, தவிலுக்குத் தாய்வீடு மாதிரியான காவிரிக்கரைக்கே வந்து, நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். வெளியூர்க்காரர் இந்த மண்ணில் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதென்றால் எவ்வளவு தைரியம் வேண்டும்!

தவில் லேசுப்பட்ட வாத்தியம் இல்லை. பலா மரத்தைக் குடைந்த கட்டை, தோளில் வார். வலது கை விரல்களுக்குக் கெட்டியான கூடு, இடது கையில் கழி. சாமி ஊர்வலத்தில் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டே மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். ஹெவி மெட்டல் டிரம்மருக்கு உட்கார ஸ்டூலாவது உண்டு.

1975-இல், 41 வயதில், தட்சிணாமூர்த்தி போய்விட்டார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 2015-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகும் தவில் ஊரிலேயே பாதிப் பேருக்கு இவர் யாரென்று தெரியாது என்றால் அது அநியாயம்தான்.

யூடியூபில் அவர் வாசிப்பு இருக்கிறது. டிஷர்ட் பையன் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி ஒரு தனி கேட்கட்டும். லார்ஸா, இவரா என்று அப்புறம் சண்டைக்கு வரட்டும்.