வேகம் வாங்கினோம், பிடி வாங்கினோமா?

புனேயில் படிக்கும் நம் தமிழ் நண்பர்கள் சிலரிடம் ஒரு மோகம் காண்கிறேன். பழைய டீசல் கார் ஒன்றை வாங்குகிறார்கள். அதன் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்து இன்ஜினுக்கு வலுவேற்றுகிறார்கள். அந்த வலுவைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பது கிளட்ச் அல்லவா? அது வழுக்கத் தொடங்கிய பிறகே கடைக்கு ஓடுகிறார்கள். "ஸ்டேஜ் 1 வேண்டுமா, ஸ்டேஜ் 3 வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். பெரிய எண்ணே சிறந்த பொருள் என்று நம்பி, உதவித்தொகையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

எண்ணைப் பார்த்து வாங்குவது அறிவுடைமை ஆகாது. அந்த எண்களுக்குக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. பார்க்க வேண்டியது முறுக்குவிசையை!

மாருதி ஸ்விப்ட் டீசலை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், நம்மவர் வாங்குவதெல்லாம் பழைய வண்டிகளே. அதன் உச்சத் திறன், நிமிடத்துக்கு 4000 சுற்றில் 55 கிலோவாட். அப்போது கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 131 நியூட்டன் மீட்டர்தான். 2000 சுற்றிலோ 190! சுற்றுக் குறைந்த இடத்தில்தான் சுமை மிகுதி. ரீமேப் அதை 240 ஆக்கினால், பழைய கிளட்ச் என்ன செய்யும்?

கிளட்சின் பிடி மூன்றைப் பொறுத்தது: அழுத்தும் விசை, உராய்வு, தட்டின் ஆரம். ஆரத்தைக் கூட்ட உள்ளே இடமில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். உராய்வு மிகுந்த உலோகப் பீங்கான் தட்டு வெடுக்கெனப் பிடிக்கும். பந்தயத் திடலுக்கு அது பொருந்தும்; சுவார்கேட் நெரிசலுக்குப் பொருந்துமா?

ஆகவே, நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு வழக்கமான ஆர்கானிக் தட்டும், வலிய பிரஷர் பிளேட்டும் போதும் என்பேன். தட்டின் நடுவே சுருள்வில் கட்டாயம் இருக்க வேண்டும். டீசல் இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைக் காப்பது அதுவே. ரீமேப்புக்குப் பின் அளந்த முறுக்குவிசையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும் கிளட்சைக் கேட்டு வாங்குங்கள்.

"சற்றே வழுக்கினால் என்ன?" என்பாரும் உண்டு. 220 நியூட்டன் மீட்டரில் நிமிடத்துக்கு 200 சுற்று வழுக்கினால், நாலரைக் கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் எழும். இரண்டு மின்சார அடுப்பின் சூடு அந்தச் சிறு தட்டில்! ஊருக்குப் போகும் வழியில், கம்பட்கி மலையேற்றத்தில் லாரியை முந்தும்போது இன்ஜின் அலறும். வண்டியோ வேகம் எடுக்காது. பின்னால் வருகிற லாரி நமக்காக நிற்குமா?

வலுவைக் கூட்டுகிறவர் பிடியையும் கூட்டட்டும். இரண்டுக்கும் பணம் இல்லையா? விட்டுவிட வேண்டியது ரீமேப்பை! உராய்வு விதியைத் தேர்வுத்தாளில் எழுதும் நாம், அதைச் சாலையிலும் மறவாதிருப்போம், நண்பர்களே.