டிரைவர் போச்சு என்று யார் சொன்னது?

பழைய ப்ளேனார் ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றால் போதும், "டிரைவர் போச்சு சார்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எங்கள் வங்கித் தொழிலில் ஒரு தவணை தவறினால் அன்றைக்கே வாராக்கடனில் சேர்த்துவிடுவதில்லை, 90 நாள் பார்க்கிறோம். இந்த ஹெட்ஃபோனுக்கு 90 நிமிஷம்கூடக் கிடையாதா?

யமஹா 1976-ல் கொண்டுவந்த ஹெச்பி-1 மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மரியோ பெல்லினி. சாதாரண ஹெட்ஃபோன் மாதிரி இதில் சுருளும் கூம்பும் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேலேயே ஒட்டி ஓடும் உலோகத் தடம், இரு பக்கமும் துளை போட்ட காந்தங்கள். ஆர்த்தோடைனமிக் என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் அதே பெயரைத் தூசி தட்டி ஒய்ஹெச்-5000எஸ்இ என்று புது மாடலும் விட்டார்கள். அதனால் பழசுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பழைய டிரைவர் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. உதிரி வேண்டுமென்றால் இன்னொரு ஹெச்பி-1-ஐப் பிய்க்க வேண்டும். எனக்குக் கோபம் வருவதே இங்கேதான்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். மும்பை லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும் மலிவு மீட்டரே போதும். ப்ளேனாரில் ஒரு சௌகரியம், தடத்துக்கு இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை. எனவே மீட்டர் காட்டும் ஓம் எண்ணும், பெட்டியில் போட்டிருக்கும் இம்பீடன்ஸும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஹெச்பி-1-க்கு 150 ஓம். இரண்டு பக்கமும் அந்த அளவில் காட்டினால் தடம் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் ஒன்றுமே காட்டாவிட்டாலும் உடனே டிரைவரைத் தொடாதீர்கள். பிளக், கம்பி, கம்பி கிண்ணத்துக்குள் நுழைகிற வளைவு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, டிரைவரின் முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் கம்பிதான்.

தடம் ஓகே, ஆனால் சத்தம் மந்தம் அல்லது ஒரே கரகரப்பு என்றால்? பல பழைய மாடல்களில் உள்ளே வைத்த பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுவென்று ஆகி, காந்தத்தின் துளைகளை அடைத்துவிடும். மும்பை மழைக்காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. படலத்தில் ஒரு தலைமுடி உட்கார்ந்தால்கூடக் கரகரக்கும். ஃபோமைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, புதுசு வைத்தால் தீர்ந்தது. கரைப்பான் திரவத்தை மட்டும் துளை வழியாக ஊற்றிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

தடமே அறுந்திருந்தால்தான் உண்மையான சோதனை. அறுவது பல சமயம் நடுவில் அல்ல, தடம் முனையோடு சேருகிற இடத்தில். தடம் அலுமினியமாக இருந்தால் சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. அதற்கு மேல், பாலியஸ்டர் படலம் சுமார் 260 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்ன் முனையோ 350 டிகிரி! இருந்தும் அயர்னோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வேண்டியது வெள்ளி கலந்த கடத்திப் பெயிண்ட் ஒரு பொட்டு. காந்தத் தட்டுகளைப் பிரிப்பதென்றால் இரும்பு ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. காந்தம் வெடுக்கென்று இழுத்தால் முனை படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். அப்புறம் பெயிண்ட் அல்ல, பிரம்மனே வந்தாலும் ஆகாது.

"புதுப்பித்தது, டிரைவர் மாற்றியது" என்று பெருமையாக விலை ஏற்றி விற்கிறார்கள் இல்லையா, எனக்கு அது பெருமையாகப் படவில்லை. எங்கோ ஒரு நல்ல ஜோடி பிரிந்திருக்கிறது என்றுதான் படுகிறது. நான் வாங்குவதாக இருந்தால் கேட்பது இரண்டே கேள்வி. இரண்டு பக்கமும் எத்தனை ஓம்? டிரைவரை யாராவது திறந்தார்களா? இரண்டாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் கூட ஐந்நூறு ரூபாய் கொடுக்கவும் தயார்.